பள்ளி மேடை தந்த பாடம்: மலாயா, சிங்கப்பூர்த் தமிழ்ப்பள்ளி விழாக்களின் வரலாறு



பள்ளிக்கூடத்தில் விழா என்றால் அன்று பாடம் இல்லை என்பது பிள்ளைகளின் கணக்கு. பெற்றோரிலும் பலருக்கு இதே எண்ணம்தான். தேர்வு நெருங்கும் வேளையில் பிள்ளை நாடக ஒத்திகை என்றும் பேச்சுப் போட்டி என்றும் பொழுதைக் கழிக்கிறதே என்று கவலைப்படும் தாய்மாரை நாம் அறிவோம். ஆசிரியர்களிலும் சிலர், ஆண்டு விழா முடிந்த பிறகுதான் நிம்மதியாகப் பாடம் நடத்தலாம் என்று சொல்வதுண்டு. ஆக, விழா வேறு, கல்வி வேறு என்ற பிரிவு நம் மனத்தில் ஆழமாகப் பதிந்திருக்கிறது.

ஆனால் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் தமிழ்க்கல்வி நடந்து வந்த பாதையைச் சற்றுத் திரும்பிப் பார்த்தால், இந்தப் பிரிவு எவ்வளவு தவறானது என்பது விளங்கும். இம்மண்ணில் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கிடைத்த பாடப் புத்தகம் மெலிந்தது. பள்ளிக் கட்டடம் எளியது. ஆசிரியரோ பெரும்பாலும் ஒருவர்தான். இத்தனை குறைகளுக்கிடையே தமிழ் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குக் கைமாறியதென்றால், அதில் பள்ளி விழா மேடைக்கும் ஒரு பெரும் பங்கு உண்டு. அந்த வரலாற்றைத்தான் இன்றைய உரையில் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

இந்த நாட்டில் தமிழ்க்கல்வியின் தொடக்கம் 1816-ஆம் ஆண்டு என்று சொல்வது வழக்கம். அவ்வாண்டு பினாங்கில் தொடங்கப்பெற்ற பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் என்னும் பள்ளியில் தமிழ் வகுப்பொன்றும் நடைபெற்றது. அதை அடிப்படையாகக் கொண்டே 2016-ஆம் ஆண்டு மலேசியத் தமிழ்க்கல்வியின் இருநூறாம் ஆண்டாகக் கொண்டாடப்பட்டது. சிங்கப்பூரிலும் 1834-ஆம் ஆண்டு தொடங்கிய இலவசப் பள்ளியில் தமிழ் வகுப்பு இருந்தது. ஆனால் இவ்விரு வகுப்புகளும் நெடுநாள் நிலைக்கவில்லை. கற்பிக்க ஆசிரியரும் நூலும் வேண்டும், கற்கப் பிள்ளைகள் தொடர்ந்து வரவேண்டும். அன்றைய தமிழ்ச் சமுதாயத்தில் பெரும்பாலோர் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத் தனியாக வந்த ஆண்கள். பிள்ளைகளே குறைவாக இருந்த இடத்தில் பள்ளி எப்படித் தழைக்கும்?

கரும்பும் காப்பியும் பயிரான காலம் போய், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் வந்தது. ரப்பர்த் தோட்டங்களில் குடும்பம் குடும்பமாக மக்கள் குடியேறினர். லயத்து வீடுகளில் குழந்தைகளின் குரல் கேட்கத் தொடங்கியது. பிள்ளைகளுக்குப் பள்ளி இருந்தால் பெற்றோர் தோட்டத்தைவிட்டு அகலமாட்டார்கள் என்று நிர்வாகங்களும் கணக்குப் போட்டன. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் அத்தோட்டத்தில் பள்ளி ஒன்று அமைய வேண்டும் என்று விதித்தது. 1938-ஆம் ஆண்டளவில் கூட்டு மலாய் மாநிலங்களில் மட்டும் ஐந்நூறுக்கு மேற்பட்ட தோட்டப் பள்ளிகள் இருந்தன.

எண்ணிக்கையைக் கேட்டு நாம் மகிழ்ந்துவிட முடியாது. சட்டம் பள்ளி வேண்டும் என்றது. அந்தப் பள்ளி எப்படி இருக்க வேண்டும் என்பதில் தோட்டத்து நிர்வாகங்கள் பல அதிக அக்கறை காட்டவில்லை. அன்றைய தோட்டப் பள்ளி ஒன்றை உங்கள் மனக்கண்முன் கொண்டு வாருங்கள். பலகைச் சுவரும் தகரக் கூரையுமான ஓர் அறை. சில இடங்களில் அதுவும் இல்லாமல் ஆயாக்கொட்டகையின் ஒரு பகுதி. ஒரே ஆசிரியர். அவருக்கு எதிரே முதல் வகுப்புப் பிள்ளையும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்திருப்பார்கள். ஒரு வகுப்பு அரிச்சுவடியை ஒப்பிக்கும்போது இன்னொரு வகுப்பு கற்பலகையில் கணக்குப் போடும். ஆசிரியருக்கு முறையான பயிற்சி இருக்காது. தோட்டத்துக் கிராணியே பள்ளியையும் பார்த்துக்கொண்ட இடங்களும் உண்டு. பெற்றோர் விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பால்மரம் வெட்டச் சென்றுவிடுவார்கள். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டிய பெண்பிள்ளை, பாதி நாள் பள்ளிக்கு வராது.

பாடப் புத்தகமோ தமிழ்நாட்டிலிருந்து வந்தது. அதில் காவிரி ஓடும், ஏற்றம் இறைப்பார்கள், உழவர் நாற்று நடுவார்கள். படிக்கும் பிள்ளையின் கண்முன்னோ வரிசை வரிசையாக ரப்பர் மரங்கள். தான் பார்த்தறியாத நாட்டைப் பற்றிப் படித்துவிட்டு, தான் வாழும் நாட்டைப் பற்றி ஒரு வரியும் படிக்காத நிலை. புத்தகத்துத் தமிழ் ஏட்டிலேயே தங்கிவிடுவதற்கு இது ஒரு பெரிய காரணமாயிற்று.

இந்த இடத்தில்தான் விழா வந்து சேர்கிறது. தோட்டத்தில் ஏற்கெனவே ஒரு விழா இருந்தது. அதுதான் மாரியம்மன் கோயில் திருவிழா. உழைத்துக் களைத்த மக்கள் ஆண்டில் ஒருமுறை ஒன்றுகூடும் நாட்கள் அவை. காவடியும் கரகமும் கூத்தும் பாட்டும் அங்கே உண்டு. பள்ளி ஆசிரியர் கொஞ்சம் முயற்சியுள்ளவராக இருந்தால், அந்தக் கூட்டத்தின் முன்னால் தம் மாணவர்களையும் நிறுத்தினார். பிறகு பள்ளிக்கென்றே பரிசளிப்பு விழா, பொங்கல் விழா, கலைமகள் விழா என்று ஒவ்வொன்றாக வந்தன. பலகைகளை அடுக்கி ஒரு மேடை. தென்னங்கீற்றும் மாவிலையும் தோரணம். காற்றடித்து ஏற்றிய கேஸ் விளக்கு. முன்வரிசையில் துரைக்கும் கிராணிமார்களுக்கும் நாற்காலி. அவர்களுக்குப் பின்னால் பாய் விரித்து அமர்ந்த தாய் தந்தையர்.

அந்த மேடையில் ஏறிய பிள்ளை என்ன கற்றுக்கொண்டது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். முதலாவது, உச்சரிப்பு. வகுப்பில் இருபது பேரோடு சேர்ந்து ஒப்பிக்கும்போது லகரமும் ளகரமும் ழகரமும் ஒன்றாகிவிடும். மேடையில் தனியாக நின்று பேசும்போது அவ்வாறு தப்பித்துக்கொள்ள முடியாது. வரிசையில் கடைசியில் இருக்கும் பாட்டிக்கும் கேட்கவேண்டும், புரியவேண்டும். ஆசிரியர் அதற்காகவே பத்துமுறை, இருபதுமுறை சொல்லச் சொல்வார். இரண்டாவது, மனப்பாடம். திருக்குறளும் ஆத்திசூடியும் பாரதியார் பாடலும் புத்தகத்திலிருந்து நெஞ்சுக்கு வந்தது பெரும்பாலும் போட்டிகளின் வழியாகத்தான். மூன்றாவது, எழுத்து. நாடகம் என்றால் அச்சிட்ட பிரதி கிடையாது. ஆசிரியர் எழுதியதை ஒவ்வொரு பிள்ளையும் தன் பகுதியைப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். கையெழுத்தும் பிழையின்மையும் அங்கே தாமாகவே வந்தன.

இவற்றையெல்லாம்விட முக்கியமான ஒன்று உண்டு. பாடப் புத்தகம் கடல் கடந்து வந்தது. ஆனால் மேடைக்கு வேண்டிய நாடகத்தையும் பாட்டையும் இங்கே இருந்த ஆசிரியர்தான் எழுதவேண்டியிருந்தது. எழுதியவர் இங்குள்ள வாழ்க்கையை எழுதினார். கள்ளின் கேடு, கடனின் கொடுமை, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வேலைக்கு அனுப்பும் தந்தை ஆகியவை மேடைக்கு ஏற்ற பொருளாயின. புத்தகம் சொல்லாத தன் வாழ்க்கையைப் பிள்ளை மேடையில் தமிழிலே கண்டது. அந்த வகையில், இந்நாட்டுத் தமிழ்ப் பாடத்தின் முதல் உள்ளூர்ப் பகுதி வகுப்பறையில் எழுதப்படவில்லை, விழாவுக்காக எழுதப்பட்டது என்று கூறின் அது மிகையாகாது.

நேயர்களே, 1942-ஆம் ஆண்டு ஜப்பானியர் ஆட்சி வந்தது. பஞ்சமும் நோயும் சூழ்ந்தன. சயாம் ரயில் பாதை போட அழைத்துச் செல்லப்பட்ட தோட்டத் தொழிலாளர்களில் பல்லாயிரவர் திரும்பவில்லை. தந்தையை இழந்த வீடுகளில் பிள்ளைகளின் படிப்பு என்னவாகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 1945-இல் போர் முடிந்தபோது, தமிழ்க்கல்வியை ஏறக்குறைய மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டியிருந்தது.

ஆனால் அந்தத் தொடக்கத்தில் ஒரு புதிய வேகம் இருந்தது. இனி இதுவே நம் நாடு என்ற எண்ணம் வேரூன்றத் தொடங்கிய காலம் அது. சிங்கப்பூரில் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் வாழ்ந்த கடையநல்லூர் மக்களின் முயற்சியால், அவர்களுடைய முஸ்லிம் லீக் 1946-ஆம் ஆண்டு ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி. சீறாப்புராணம் பாடிய அப்புலவரின் பெயரைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு செய்தி அடங்கியிருக்கிறது. சமயத்தால் முஸ்லிம், மொழியால் தமிழர் என்ற இரண்டையும் ஒரே பெயரில் அவர்கள் சொல்லிவிட்டார்கள். இராமகிருஷ்ணா மிஷன் நடத்திய பள்ளிகள், கிறிஸ்துவ சபைகள் நடத்திய பள்ளிகள், சங்கங்கள் நடத்திய பள்ளிகள் என்று பலவும் சிங்கப்பூரில் இயங்கின. 1951-இல் சிங்கப்பூர்த் தமிழ் ஆசிரியர் சங்கமும் அமைந்தது.

பள்ளிகள் பெருகின, விழாக்களும் பெருகின. ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. ஒவ்வொரு பள்ளியும் தன்னை நடத்தும் அமைப்பின் விழாவைக் கொண்டாடியது. தீபாவளி ஒரு பள்ளியில், நோன்புப் பெருநாள் ஒரு பள்ளியில், கிறிஸ்துமஸ் ஒரு பள்ளியில். இதில் தவறு ஒன்றுமில்லை. ஆயினும் தமிழ்ப் பிள்ளைகள் அனைவரும் ஒரே மேடையில் நிற்கும் நாள் ஒன்றும் இல்லை. போதாக்குறைக்கு ஊர்ப்பிரிவும் சாதிப்பிரிவும் சங்கங்களில் ஊடுருவியிருந்தன.

இந்தக் குறையைக் கண்டு செயல்பட்டவர் கோ. சாரங்கபாணி அவர்கள். 1903-ஆம் ஆண்டு திருவாரூரில் பிறந்து, 1924-இல் சிங்கப்பூர் வந்தவர். சுயமரியாதைச் சிந்தனையில் வளர்ந்தவர். 1935-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற தமிழ் முரசு ஏட்டை நெடுங்காலம் நடத்தியவர். தை முதல் நாளை, உழவரின் நன்றித் திருநாளை, சமயம் கடந்து எல்லாத் தமிழரும் கொண்டாடும் ஒரு பொதுநாளாக ஆக்கலாம் என்று அவர் கருதினார். பொங்கலைத் தமிழர் திருநாளாகக் காணும் எண்ணம் தமிழகத்து அறிஞர்களிடையே முன்பே இருந்தது. அதை மலாயாவிலும் சிங்கப்பூரிலும் ஓர் இயக்கமாக்கியது அவருடைய அரும்பணி. 1952-ஆம் ஆண்டு முதல் தமிழர் திருநாள் என்ற பெயரில் அவ்விழா நடைபெறத் தொடங்கியது.

அதன் சிறப்பு எங்கே இருந்தது தெரியுமா? அது வெறும் பொங்கல் வைத்து உண்ணும் விழாவாக நின்றுவிடவில்லை. பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, கவிதைப் போட்டி, பாட்டு, நாடகம், விளையாட்டு என்று பலவகைப் போட்டிகள் அதன் உயிர்நாடியாக இருந்தன. சிங்கப்பூரில் மட்டுமன்றி, மலாயாவின் பட்டணங்களிலும் தோட்டங்களிலும் விழாக் குழுக்கள் அமைந்தன. போட்டிகளில் பங்குகொள்ளப் பள்ளிகள் பிள்ளைகளைத் தயார்செய்தன. தன் தோட்டத்தைத் தாண்டி அறியாத பிள்ளை, அடுத்த ஊர்ப் பள்ளிப் பிள்ளையின் பேச்சைக் கேட்டது. இந்து, முஸ்லிம், கிறிஸ்துவப் பிள்ளைகள் ஒரே தலைப்பில் பேசினார்கள். தமிழ் என்பது வகுப்பில் படிக்கும் பாடம் மட்டுமன்று, தன்னை ஆயிரம் பேரோடு சேர்க்கும் உறவு என்பதை ஒரு பத்து வயதுப் பிள்ளைக்கு வேறு எந்தப் பாடநூல் அவ்வளவு எளிதாகச் சொல்லித் தரும்?

எல்லோரும் இதை ஒரே மனத்தோடு ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. பொங்கல் சமயச் சடங்கு ஆயிற்றே, அதை எப்படிப் பொதுவாக்குவது என்று கேட்டவர்கள் இருந்தார்கள். இது சீர்திருத்தக்காரர்களின் விழா என்று ஒதுங்கி நின்றவர்களும் இருந்தார்கள். ஆனால் பிள்ளைகள் மேடை ஏறியபோது, அப்படி ஒதுங்கிய பெற்றோரிலும் பலர் முன்வரிசைக்கு வந்துவிட்டார்கள். தன் பிள்ளை பேசுவதைக் கேட்க விரும்பாத தாய் உலகில் உண்டோ?

இதே காலத்தில் தமிழ் முரசு, மாணவர்களுக்கென்று மாணவர் மணிமன்றம் என்னும் பகுதியை வெளியிட்டது. மேடை பேச்சுக்கு இடம் தந்தது, மணிமன்றம் எழுத்துக்கு இடம் தந்தது. பள்ளிப் பிள்ளைகள் எழுதிய கதையும் கவிதையும் கட்டுரையும் அச்சேறின. தன் பெயரைப் பத்திரிகையில் காணும் பிள்ளைக்கு அடுத்த வாரம் இன்னொன்று எழுதத் தோன்றும். அப்படி எழுதத் தொடங்கியவர்களில் பலர் பின்னாளில் எழுத்தாளர்களாகவும் ஆசிரியர்களாகவும் பத்திரிகையாளர்களாகவும் விளங்கினர். மணிமன்றம் என்ற பெயரில் ஊர்தோறும் இளைஞர் அமைப்புகளும் தோன்றின. பள்ளிப் படிப்பு ஆறாம் வகுப்போடு முடிந்துபோன பிள்ளைகளுக்கு அந்த மன்றங்களே உயர்நிலைப் பள்ளியாக அமைந்தன.

இந்த முயற்சிகள் எவ்வளவு தூரம் சென்றன என்பதற்கு ஒரு சான்று கூறுகிறேன். 1950-களின் நடுவில், அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியத் துறை ஒன்றைத் தொடங்கும் பேச்சு எழுந்தது. அதில் முதலிடம் வடமொழிக்கா, தமிழுக்கா என்ற வினாவும் எழுந்தது. தமிழுக்கே வேண்டும் என்று கோ. சாரங்கபாணி அவர்கள் முழங்கினார். தமிழ் எங்கள் உயிர் என்ற பெயரில் நிதி திரட்டும் இயக்கம் தொடங்கியது. வணிகர்கள் மட்டுமா தந்தார்கள்? தோட்டத் தொழிலாளரும் நகரத்துக் கூலிகளும் தத்தம் வருவாயிலிருந்து சிறுசிறு தொகையாகத் தந்தார்கள். 1956-இல் துறை தொடங்கியபோது தமிழ் அதன் மொழியாயிற்று. திரண்ட நிதி பல்கலைக்கழகத் தமிழ் நூலகத்திற்குப் பயன்பட்டது. 1959-இல் அத்துறை கோலாலம்பூருக்கு மாறியது. பின்னர் தனிநாயக அடிகள் அதன் தலைவராக இருந்தபோது, 1966-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது. பல்கலைக்கழகத்தின் வாயிலைக்கூட மிதித்திராத மக்கள் அதன் நூலகத்திற்கு நிதி தந்தார்கள் என்றால், தமிழ்க்கல்வி தம்முடையது என்ற உணர்வு அவர்களுக்கு எங்கிருந்து வந்தது? ஊர் ஊராக நடந்த விழா மேடைகளிலிருந்தும், அங்கே தம் பிள்ளைகள் பேசக் கேட்ட பெருமிதத்திலிருந்தும் அது வந்தது என்றே நான் கருதுகிறேன்.

இனி, அரசாங்கக் கொள்கைகளைச் சுருக்கமாகப் பார்ப்போம். மலாயாவில் 1956-ஆம் ஆண்டு ரசாக் அறிக்கை, எல்லா மொழிப் பள்ளிகளுக்கும் இந்நாட்டைத் தழுவிய பொதுவான பாடத்திட்டம் வேண்டும் என்றது. அவ்வறிக்கையைக் கூட்டரசுச் சட்டமன்றம் ஏற்றுக்கொண்ட மே 16-ஆம் நாளே மலேசியாவில் ஆசிரியர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. பிள்ளைகள் ஆசிரியருக்கு மலர் கொடுக்கும் அந்நாளுக்குப் பின்னால் ஒரு கல்வி வரலாறு இருப்பது பலருக்குத் தெரியாது. சிங்கப்பூரிலும் 1956-ஆம் ஆண்டு அனைத்துக் கட்சிக் குழுவின் அறிக்கை, நான்கு மொழிப் பள்ளிகளையும் சமமாக நடத்த வேண்டும் என்று பரிந்துரைத்தது. தமிழ், அங்கே நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்றாயிற்று. 1960-இல் உமறுப் புலவர் பள்ளி உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. தமிழிலேயே உயர்நிலைக் கல்வி பெறும் வாய்ப்பு சிங்கப்பூரில் அப்பள்ளியால் கிடைத்தது.

ஆனால் காலம் வேறு திசையில் ஓடியது. வேலைவாய்ப்பு ஆங்கிலத்தோடு பிணைந்திருந்தது. தமிழ்ப் பற்றுள்ள பெற்றோரும் பிள்ளையின் எதிர்காலம் கருதி ஆங்கிலப் பள்ளியை நாடினர். அவர்களைக் குறை கூறுவது எளிது. ஆனால் அவர்கள் இடத்தில் இருந்து பார்த்தால் அந்தக் கவலையின் நியாயம் புரியும். ஆண்டுக்கு ஆண்டு தமிழ்ப் பள்ளிகளில் முதல் வகுப்பில் சேரும் பிள்ளைகள் குறைந்தனர். ஒன்றன்பின் ஒன்றாகப் பள்ளிகள் மூடப்பட்டன. இறுதியில் 1982-ஆம் ஆண்டு உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளியும் மூடப்பட்டது. அதோடு சிங்கப்பூரில் தமிழ்வழிப் பள்ளிகளின் காலம் முடிவுற்றது. அதற்கு அடுத்த ஆண்டு அதே புலவரின் பெயரில் தமிழ் மொழி நிலையம் ஒன்று அமைந்தது. அங்கே தமிழ் ஒரு பாடமாகக் கற்பிக்கப்படுகிறது.

மலேசியாவில் கதை வேறு. அங்கே தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. ஆனால் தோட்டங்கள் போய்விட்டன. பெரிய தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. மக்கள் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்தனர். விடுதலை பெற்ற 1957-இல் எண்ணூறுக்கு மேல் இருந்த தமிழ்ப் பள்ளிகள் இன்று ஐந்நூறுக்குச் சற்று அதிகமாக இருக்கின்றன. பிள்ளைகள் குறைந்த சிறு பள்ளிகள் ஒன்றாக இணைக்கப்பட்டன. சில பள்ளிகள் மக்கள் பெருகிய புதிய குடியிருப்புப் பகுதிகளுக்கு இடம் மாற்றப்பட்டன.

அன்பர்களே, இந்த வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. பள்ளிகள் குறைந்தபோதும் விழாக்கள் மறையவில்லை. சிங்கப்பூரில் 2000-ஆம் ஆண்டு வளர்தமிழ் இயக்கம் தொடங்கப்பெற்றது. 2007-ஆம் ஆண்டு முதல் ஏப்ரல் மாதத்தில் தமிழ் மொழி விழா நடைபெற்று வருகிறது. அதில் பள்ளிகளும் அமைப்புகளும் சேர்ந்து பேச்சு, விவாதம், கதை, நாடகம் எனப் பல நிகழ்ச்சிகளை நடத்துகின்றன. 1964-இல் நடந்த இனக் கலவரத்தின் நினைவாக ஜூலை 21-ஆம் நாள், 1997 முதல் அங்குள்ள பள்ளிகளில் இன நல்லிணக்க நாளாக அனுசரிக்கப்படுகிறது. அன்று சீனப் பிள்ளை வேட்டி கட்டிக்கொள்ளும், தமிழ்ப் பிள்ளை மலாய் உடை அணியும். மலேசியத் தமிழ்ப் பள்ளிகளில் பொங்கலும் தீபாவளியும் விளையாட்டுப் போட்டியும் பரிசளிப்பு விழாவும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களின் துணையோடு தொடர்கின்றன. கதை சொல்லுதல், கவிதை ஒப்புவித்தல், திருக்குறள் மனனம் ஆகிய போட்டிகள் புறப்பாட நடவடிக்கைகளில் இடம்பெறுகின்றன.

அப்படியானால் கவலைப்பட ஒன்றுமில்லையா? கவலைப்பட ஒன்று இருக்கிறது. பழைய விழாவுக்கும் இன்றைய விழாக்கள் சிலவற்றிற்கும் இடையே ஒரு வேறுபாடு வந்திருக்கிறது. அன்று ஒலிப்பதிவு இல்லை. பிள்ளை பாடினால்தான் பாட்டு. இன்று ஒலிநாடா காலமும் கடந்து, யாரோ பாடிய பாட்டுக்குப் பிள்ளை வாயசைத்து ஆடினால் போதும் என்றாகிவிட்டது. அன்று நாடகத்தை ஆசிரியரும் மாணவரும் எழுதினர். இன்று உடையையும் அலங்காரத்தையும் வாடகைக்கு எடுப்பதிலேயே நேரமும் பணமும் கழிகின்றன. இன்னும் வேதனையான ஒன்று உண்டு. பேச்சுப் போட்டிக்கு வரும் பிள்ளை, தமிழ்ப் பேச்சை உரோமன் எழுத்தில் எழுதிவைத்து மனப்பாடம் செய்வதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். பேச்சு தடையின்றி வருகிறது, கைதட்டலும் கிடைக்கிறது. ஆனால் அந்தப் பேச்சில் ஒரு வரியை அப்பிள்ளையால் தமிழெழுத்தில் படிக்க முடியாது. விழா இருக்கிறது, விழாவுக்குள் இருந்த கல்வி நழுவிவிட்டது.

இதை மாற்றுவது கடினமன்று. ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் சில எண்ணங்களை முன்வைக்கிறேன். பொங்கல் விழாவை எடுத்துக்கொள்வோம். பானையைச் சுற்றி நின்று பொங்கலோ பொங்கல் என்று கூவுவதோடு அது முடிய வேண்டியதில்லை. நாம் உண்ணும் அரிசி எங்கே விளைகிறது என்று பிள்ளைகளைக் கேளுங்கள். மலேசியாவின் நெற்களஞ்சியம் கெடா மாநிலம் என்பதை அவர்கள் தேடிக் கண்டுபிடிக்கட்டும். அங்கே நாற்று நடுபவர் மலாய் உழவர். அவருக்கும் தஞ்சை உழவருக்கும் மழையும் வெயிலும் ஒன்றுதான் என்பதை ஒரு கட்டுரையாக எழுதட்டும். எத்தனை பேருக்கு எத்தனை படி அரிசி, எவ்வளவு வெல்லம், என்ன செலவு என்று கணக்குப் போடட்டும். அழைப்பிதழைத் தமிழில் பிள்ளைகளே எழுதட்டும். கோலத்தில் புள்ளி வைக்கும்போது எண்ணும் வடிவமும் தாமே வந்து சேரும்.

அடுத்து, வீட்டில் இருக்கும் பெரியவர்கள். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தாத்தா பாட்டியர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். தாங்கள் படித்த பள்ளி எப்படி இருந்தது, ஆசிரியர் என்ன சொல்லித் தந்தார், தாங்கள் ஏறிய மேடையில் என்ன பாடினார்கள் என்று பேரப்பிள்ளை கேட்டு எழுதிக்கொண்டு வரட்டும். அதையே அவ்வாண்டு விழாவில் பேச்சாகப் பேசட்டும், நாடகமாக நடிக்கட்டும். எந்த நூலிலும் அச்சாகாத வரலாறு அந்தப் பெரியவர்களிடம் இருக்கிறது. அவர்களோடு அது போய்விட்டால் திரும்ப வராது. இதற்குப் பணம் வேண்டாம், வாடகை உடை வேண்டாம். ஒரு குறிப்பேடும் ஒரு பென்சிலும் கேட்கும் பொறுமையும் போதும்.

மூன்றாவதாக, பரிசு. முதற்பரிசு பெறும் மூவரை மட்டும் மேடையேற்றினால், மற்ற முந்நூறு பிள்ளைகள் கைதட்டிவிட்டு வீடு திரும்புவார்கள். பேச வராத பிள்ளை தோரணம் கட்டட்டும், அறிவிப்புப் பலகை எழுதட்டும், நிகழ்ச்சி நிரலைப் படிக்கட்டும். ஏதேனும் ஒரு வகையில் ஒவ்வொரு பிள்ளையின் தமிழும் அன்று பயன்பட வேண்டும். பழைய தோட்டப் பள்ளியில் பிள்ளைகள் குறைவு, வேலை அதிகம். ஆகவே எல்லோரும் ஏதோ ஒன்று செய்தே ஆகவேண்டியிருந்தது. அந்த வறுமையே ஒருவகையில் அவர்களுக்கு வரமாக அமைந்தது. இன்று வசதி இருக்கும்போது அந்த வாய்ப்பைப் பிள்ளைகளிடமிருந்து நாமே பறித்துவிடக் கூடாது.

கோ. சாரங்கபாணி அவர்கள் 1974-ஆம் ஆண்டு மறைந்தார். அவர் கண்ட தமிழ்ப் பள்ளிகளில் பல இன்று இல்லை. ஆனால் தைத் திங்களில் ஒரு பள்ளி வளாகத்தில், அடுப்பில் பானை வைத்து, வெவ்வேறு சமயத்துப் பிள்ளைகள் அதைச் சுற்றி நிற்கும் காட்சியை நாம் இன்றும் காண்கிறோம். அந்தப் பிள்ளைகளில் ஒருவர் முன்னால் வந்து, தானே எழுதிய நான்கு வரியைத் தமிழெழுத்தில் பார்த்துப் படித்தால், அன்று அந்தப் பள்ளியில் விழாவும் நடந்தது, பாடமும் நடந்தது என்று பொருள்.

அடுத்த முறை உங்கள் பிள்ளை ஒத்திகைக்காகப் பள்ளியில் நேரம் கழித்து வரும்போது, நேரம் வீணாயிற்றே என்று கடிந்துகொள்ளாதீர்கள். இன்று என்ன பேசினாய், சொல் பார்ப்போம் என்று கேளுங்கள். அதைக் கேட்கும் முதல் அவை உங்கள் வீடாக இருக்கட்டும்.